அஞ்சடியில் படுத்திருப்பவருக்கும் ஒரு முகாம் வேண்டும்

எவரெஸ்ட் ஏறியவரை அழைத்து வந்து மேடையில் நிறுத்தி, ‘முயன்றால் முடியாதது இல்லை’ என்று பேசவைப்பது கோலாலம்பூரில் நன்கு பழகிய நிகழ்ச்சி. பள்ளி மண்டபமோ, கோயில் மண்டபமோ, ஹோட்டல் அரங்கமோ, கூட்டம் சேரும், கைதட்டல் கிடைக்கும். முடிந்து வெளியே வந்தால், பிரிக்பீல்ட்ஸ் கடை வரிசையின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் ஒருவர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்திருப்பார். உள்ளே கேட்ட பேச்சு, வெளியே படுத்திருப்பவரைப் பற்றி நம்மை என்ன நினைக்க வைக்கிறது?

‘இந்த ஆள் முயலவில்லை’ என்றுதான் நினைக்க வைக்கிறது. இதைத் தனிமனிதரின் மனப்பான்மை என்று விட்டுவிட முடியாது. நகரத்தின் கொள்கையும் பெரும்பாலும் இதே நினைப்பின் மேல்தான் நிற்கிறது. இது மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு, 2026. விருந்தாளிகள் வரும்போது நகரம் எதைத் துடைத்துச் சுத்தம் செய்யும் என்பது நமக்குப் பழைய அனுபவத்திலிருந்து தெரியும். அதனால் இப்போதே பேசிவிடுவது நல்லது.

ஏறியவர் இருவர், ஏற்றியவர் எத்தனை பேர்?

1997 மே 23. எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் மலேசியக் கொடியை ஏந்தி நின்ற நாள். உலகின் மிக உயர்ந்த இடத்தை எட்டிய முதல் மலேசியர்கள் இருவருமே நம்மவர்கள். அவர்களுக்கு ‘டத்தோ’ பட்டம் வந்து சேரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்ற மனக்குறை நம் சமூகத்தில் உண்டு; அதைத் தனியாகப் பேசலாம். இங்கே கேட்க வேண்டியது வேறு. அந்த இருவரும் எப்படி ஏறினார்கள்?

அது ஒரு தேசியத் திட்டம். அரசின் ஆதரவும் நிறுவனங்களின் பணமும் இருந்தன. பல மாதப் பயிற்சி நடந்தது. உச்சிக்குப் போகாமல் கீழேயே நின்று உதவிய குழுவினர் இருந்தார்கள். பிராணவாயுக் குப்பிகளைத் தூக்கிச் சென்று வழிகாட்டிய ஷெர்ப்பாக்கள் இருந்தார்கள். 1953இல் ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியைத் தொட்ட பயணத்தில் சுமை தூக்கியவர்கள் மட்டுமே 350 பேருக்கு மேல். படத்தில் நிற்பவர் ஒருவர்.

எவரெஸ்ட்டை யாரும் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. நேப்பாளப் பக்கத்தில் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 8,848 மீட்டருக்கும் மேல். இடையில் நான்கு முகாம்கள். ஏறுபவர் மேல் முகாமுக்குப் போய், அங்கே உடம்பைப் பழக்கி, மறுபடி கீழே இறங்கித் தூங்கி, திரும்பவும் ஏறுவார். இப்படியே வாரக்கணக்கில் போகும். கும்பு பனிப்பாளத்தில் ஒவ்வொரு பருவமும் ஷெர்ப்பாக்கள் முன்னால் போய்க் கயிறு கட்டி, பிளவுகளின் மேல் ஏணி போட்டு வைத்த பிறகே மற்றவர்கள் அந்தப் பக்கம் கால் வைக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் முத்தமிழ்ச்செல்வி. 2023இல் அவர் கிளம்புவதற்கு முன்பு கடந்த முதல் ஏற்றம், செலவுக்கான பணத்தைத் திரட்டியதுதான். தமிழ்நாடு அரசும் நல்லெண்ணம் கொண்டவர்களும் கை கொடுத்தார்கள். அதைச் சொன்னால் அவருடைய சாதனையில் ஒரு மாற்றுக் குறையாது.

தன்முனைப்பு உரைகளில் விட்டுப்போவது இந்தப் பாதிதான். மலையேறிகளைக் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் ஷெர்ப்பாக்களைப் பற்றி நெகிழ்ந்துதான் பேசுகிறார்கள். நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் வேண்டியதுதான் வேறு. ‘மனம் வைத்தேன், ஏறினேன்’ என்ற ஒரு வரி அவர்களுக்குப் போதும். அந்த வரியை வீட்டுக்கு எடுத்துப்போகும் மாணவன், ‘ஏறாதவன் மனம் வைக்காதவன்’ என்ற மறுபக்கத்தையும் சேர்த்தே எடுத்துப்போகிறான்.

விரும்பி வீடில்லாமல் இருப்பதும் விதியால் இருப்பதும்

2017இல் கயிறே இல்லாமல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையில் ஏறிய அலெக்ஸ் ஹோனால்ட், பல ஆண்டுகள் ஒரு வேனில் வாழ்ந்தவர். அதிலேயே படுக்கை, அதிலேயே அடுப்பு. பாறை ஏறுபவர்களின் உலகில் இது பெருமைக்குரிய வாழ்க்கை. நம் பத்துமலைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கும் பல நாடுகளிலிருந்து ஏறுபவர்கள் வருகிறார்கள்; அவர்களில் சிலர் கூடாரத்தில் தங்குவதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. அவர்களிடம் கடப்பிதழ் இருக்கிறது. வங்கிக் கணக்கு இருக்கிறது. அலுத்துப்போனால் திரும்பிப்போக ஒரு வீடும் இருக்கிறது.

இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் அலேன் ரோபேர், கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் 1997இலும் 2007இலும் வெறுங்கையால் ஏறி, இரண்டு முறையும் 60ஆவது மாடியருகே பிடிபட்டார். 2009இல் உச்சிவரை ஏறியே விட்டார். அத்துமீறி நுழைந்த குற்றத்துக்கு அபராதம் கட்டிவிட்டு ஊருக்குப் போனார்.

அதே கோபுரத்தின் நிழலில் படுத்திருப்பவரின் நிலை வேறு. 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி, பொது இடத்தில் வேலையின்றி, பிழைப்புக்கு வழியோ தங்க இடமோ இல்லாமல் இருப்பவரைச் சமூகநல அதிகாரி அழைத்துப்போய் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். நீதிமன்றம் உத்தரவிட்டால் மூன்று ஆண்டுகள் வரை நல இல்லத்தில் வைத்திருக்கலாம். அங்கிருந்து தப்பினால் அது தண்டனைக்குரிய குற்றம். கோபுரத்தில் ஏறியவர் சட்டத்தை மீறினார். படுத்திருப்பவர் செய்ததெல்லாம் இல்லாமையில் இருந்தது மட்டுமே.

வேலையும் வீடும் ஒரே முடிச்சில்

இந்த மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள்? தனித்தனிக் கதைகள் ஆயிரம் இருக்கும். குடி, போதை, மணமுறிவு, மனநோய், சிறையிலிருந்து வெளியேறிய பின் ஏற்க ஆளில்லாமை. இவை எல்லாம் உண்மை, மறைக்கத் தேவையில்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் மக்களைப் பொறுத்தவரை ஒரு பொதுக் கதையும் இருக்கிறது. அதை நாம் மறக்கப் பார்க்கிறோம்.

தோட்டத்தில் வேலை இருந்தவரை லயத்தில் வீடு இருந்தது. வேலை போனால் வீடும் போனது. 1980களிலும் 1990களிலும் கிள்ளான், ஷா ஆலம், சுபாங், பூச்சோங் பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் ஒரே அறிவிப்பில் இரண்டையும் இழந்தார்கள். சிலருக்கு மாற்று வீடு கிடைத்தது. பலர் புறம்போக்குக் குடிசைகளுக்குப் போனார்கள். பிறகு அந்தக் குடிசைகளும் இடிக்கப்பட்டன.

பிரிக்பீல்ட்ஸுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. நகரத்துக்குச் செங்கல் சுட்டுக் கொடுத்த இடம் என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர். ரயில்வே, அரசு ஊழியர்களுக்காக 1905இல் கட்டிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகள் அங்கே இருந்தன. இன்று அவை இல்லை. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்துவைத்தார், வளைவுகளும் நீரூற்றும் வண்ண விளக்குகளும் வந்தன. குறைந்த சம்பளக்காரர் குடியிருக்கக்கூடிய வீடுகள் அதோடு வரவில்லை.

அந்தப் பழைய முடிச்சு இன்னும் அவிழவில்லை. உணவகத்தில் தட்டுக் கழுவுபவர் முதலாளி தரும் அறையில் தூங்குகிறார். ஜாகா (காவலாளி) வேலை பார்ப்பவர் நிறுவனம் கொடுத்த தங்குமிடத்தில் இருக்கிறார். முதலாளியோடு ஒரு சண்டை, அல்லது ஒரு வாரக் காய்ச்சல். அன்று மாலையே வேலை, சாப்பாடு, படுக்கை மூன்றும் போய்விடும். தெருவில் உறங்குபவர்களில் வேலை செய்பவர்கள் உண்டு என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். இரவில் உணவுப் பொட்டலம் கொடுக்கும் தொண்டர்களைக் கேளுங்கள். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புபவர்களின் முகம் அவர்களுக்குத் தெரியும்.

சம்பளம் இருந்தால் அறை எடுக்கலாமே என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 500 வெள்ளிக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத வைப்புத்தொகை 1,000 வெள்ளி. மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வைப்புத்தொகை 250. முதல் மாத வாடகை 500. கதவைத் திறப்பதற்கு முன்பே 1,750 வெள்ளி வேண்டும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700.

கோலாலம்பூரில் பிபிஆர் என்னும் அரசு மலிவு வீட்டுக்கு மாத வாடகை 124 வெள்ளிதான். ஆனால் அவை மூன்று அறைகளோடு குடும்பங்களுக்கென்றே கட்டப்பட்டவை. காத்திருப்போர் வரிசையும் நீளம். தனி ஆளாய் நிற்கும் ஐம்பது வயதுக்காரரை மனத்தில் வைத்து இந்த நகரம் எதையும் கட்டவில்லை.

ஓர் அட்டை போனால்

இரவில் தெருவில் தூங்குபவருக்கு மழையைவிடப் பெரிய பயம் திருட்டு. பை போனால் பைக்குள் இருந்த அடையாள அட்டையும் போகும். திருட்டென்று போலீஸ் புகாரோடு காட்ட முடியாவிட்டால், மாற்று அட்டைக்கு முதல் முறையே நூறு வெள்ளி அபராதம். அடுத்தடுத்த முறை தொலைத்தால் தொகை கூடிக்கொண்டே போகும். தெருவில் இருப்பவர் ஒரு முறையோடு நிற்பதில்லை.

அட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும்? முறையான வேலை கிடைக்காது. வங்கிக் கணக்கு திறக்க முடியாது. அரசாங்க மருந்தகத்தில் ஒரு வெள்ளியில் பார்க்கும் குடிமகனுக்கான உரிமையைக் காட்டச் சான்று இராது. 2025 ஆகஸ்ட் 31 முதல் வயது வந்த குடிமக்கள் எல்லாருக்கும் அரசு 100 வெள்ளி ‘சாரா’ உதவி கொடுத்தது. பணம் மைகார்டு என்னும் அடையாள அட்டையிலேயே ஏறியது. விண்ணப்பப் பாரமே வேண்டியதில்லை என்று பாராட்டினோம். அட்டையைத் தொலைத்தவருக்கு அந்த எளிய உதவியும் எட்டவில்லை. உதவி அதிகம் தேவைப்பட்டவர் அவர்தான்.

நம் சமூகத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. பிறப்புச் சான்றிதழே சரியாக இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு அல்லது எந்த அட்டையும் இல்லாமல் முதுமைக்கு வந்தவர்கள். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே பதிவு விட்டுப்போனவர்கள். இவர்களுக்குத் தெருவிலிருந்து எழுந்து வருவதற்கான முதல் படியே இல்லை.

2014 மறக்க வேண்டாம்

2014உம் ஒரு மலேசியச் சுற்றுலா ஆண்டுதான். அந்த ஆண்டு ஜூலையில், அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான், புக்கிட் பிந்தாங் லாட் 10 வணிக வளாகத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இலவச உணவு வழங்கக் கூடாது என்று அறிவித்தார். பிச்சை போடுபவர்களுக்கும் அபராதம் என்றார். பெர்த்திவி, கெச்சாரா, டாப்பூர் ஜாலானான் போன்ற உணவுக் குழுக்களும் பொதுமக்களும் கொதித்தெழுந்தார்கள். அறிவிப்பு தளர்ந்துபோயிற்று. ஆனால் அதன் பின்னாலிருந்த எண்ணம் தளரவில்லை. சாப்பாடு கொடுப்பதால்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள், கொடுக்காவிட்டால் போய்விடுவார்கள் என்ற எண்ணம்.

போகவில்லை. 2014இல் 600ஆக இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 1,500 முதல் 2,000 வரை உயர்ந்துவிட்டது என்று 2016இல் அன்றைய துணையமைச்சர் லோகபாலமோகனே சொன்னார். பிறகு அரசு செய்த நல்ல காரியங்களையும் சொல்ல வேண்டும். மேடான் துவாங்குவில் உணவு வழங்கக் கூரையோடு ஓர் இடம் வந்தது. ஜாலான் பகாங்கில் வீடற்றோருக்கான இடைத்தங்கல் மையம் வந்தது. முன்பு மழையில் நின்று சாப்பிட்டவர்கள் பலர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சிறிய விஷயமில்லை அது.

இன்னொன்று, 2020 மார்ச். நடமாட்டக் கட்டுப்பாடு வந்த சில நாள்களிலேயே, தெருவில் இருந்தவர்களைச் சமூக மண்டபங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு மருத்துவமும் பார்த்தார்கள். பல ஆண்டுகளாக ‘இடமில்லை, பணமில்லை, அவர்களே வரமாட்டார்கள்’ என்று சொன்ன மூன்று காரணங்களும் சில நாள்களில் காணாமல் போயின. கட்டுப்பாடு தளர்ந்ததும் பெரும்பாலோர் பழைய அஞ்சடிக்கே திரும்பினார்கள். அரங்கத்துக்கும் சொந்த அறைக்கும் இடையில் போட்டுவைத்த படி எதுவும் இல்லை.

இடையில் வேண்டிய முகாம்கள்

மலையேறியிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது இதைத்தான். நம் நகரத்தில் அடிவாரத்தில் உணவுப் பொட்டலம் இருக்கிறது. உச்சியில் ‘வேலை தேடிக்கொள், வீடு எடுத்துக்கொள்’ என்ற அறிவுரை இருக்கிறது. நடுவில் கயிறுமில்லை, ஏணியுமில்லை. பொட்டலம் கொடுப்பவர்களைக் குறை சொல்வது பாவம். வாரந்தோறும் அதை மட்டுமே கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் நம் சங்கங்களும் நிறுவனங்களும் அடுத்த படியைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதல் தேவை, பயமின்றித் தூங்க ஓர் இடம். சிங்கப்பூரில் 2019 முதல் அரசின் ஒத்துழைப்போடு தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், கோயில்கள், சமூக அமைப்புகள் இரவில் தங்கள் இடங்களைத் திறந்துவிடுகின்றன. மாலையில் வந்து தூங்கி, காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு போகலாம். தெருவில் தூங்குபவர்களின் எண்ணிக்கை 2019இல் 921 முதல் 1,050 வரை என்று ஓர் ஆய்வு கண்டது; 2022 இறுதியில் எடுத்த கணக்கில் அது 530. இரண்டையும் எடுத்தவர்கள் வேறு வேறு என்றாலும், எண்ணிக்கை போகும் திசை தெரிகிறது. அங்கே எண்ணுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். எண்ணாத பிரச்சினைக்கு வரவுசெலவுத் திட்டத்தில் பணம் வராது.

நம்மிடம் மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கல்யாண மண்டபம் இல்லாத பெரிய கோயில் அரிது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் லட்சக்கணக்கானோருக்குப் பந்தல் போட்டுத் தண்ணீரும் சோறும் கழிப்பறையும் ஏற்பாடு செய்யத் தெரிந்த சமூகம் இது. கல்யாணம் இல்லாத வாரநாள் இரவுகளில் இருபது பேர் படுக்க ஏற்பாடு செய்வது நமக்குத் தெரியாத வேலையில்லை. சுத்தம், குடி, சண்டை பற்றிய பயம் நியாயமானதுதான். அதற்கு மாநகர் மன்றம் இரவுக் காவலும் சமூகநல இலாகா ஓர் அலுவலரும் தர வேண்டும். இதைக் கோயில்கள் நிபந்தனையாகவே கேட்கலாம்.

அடுத்தது பூட்டு. பாசார் செனி, மஸ்ஜிட் ஜாமேக் பக்கம் ஒரு மையத்தில் சிறு பெட்டகங்கள் வைத்து, அடையாள அட்டையையும் சான்றிதழ்களையும் இலவசமாகப் பத்திரப்படுத்திக்கொள்ள வழி செய்தாலே, அட்டை தொலைவது பாதியாவது குறையும். தேசியப் பதிவிலாகாவின் நடமாடும் சேவை மாதம் ஒருமுறை மேடான் துவாங்கு உணவு மையத்துக்கு வர வேண்டும். நல இலாகா சான்று தரும் வீடற்றவருக்கு அட்டை அபராதத்தை முழுதும் தள்ளுபடி செய்வதை வழக்கமாக்க வேண்டும். கடிதம் வந்து சேர ஒரு முகவரியும் தேவை. அந்த மையத்தின் முகவரியையே பயன்படுத்த விடலாம்.

மூன்றாவது, அந்த 1,750 வெள்ளி. வாடகையைத் தொடர்ந்து கட்டக்கூடியவர் பலர் இந்த முதல் தொகையைத் தாண்ட முடியாமல்தான் அஞ்சடியில் இருக்கிறார்கள். வைப்புத்தொகைக்கு ஒரு சுழல்நிதி வைத்து, வீட்டுக்காரருக்கு ஓர் அமைப்பு உத்தரவாதம் கொடுத்தால், அதே பணம் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சுழலும். பிரிக்பீல்ட்ஸ் கடைவீடுகளிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் காலியாகக் கிடக்கும் மேல்மாடிகளை ஒற்றை அறைகளாக்கலாம். இந்திய சமூகத்துக்கென்று ஒதுக்கும் அரசு நிதியிலிருந்து இதற்கு ஒரு பங்கு கேட்பதில் தவறில்லை. பின்லாந்து 2008 முதல் வீட்டை முதலில் கொடுத்து, மற்றச் சிக்கல்களைப் பிறகு தீர்ப்பது என்ற கொள்கையோடு இயங்கி வீடற்றோரை வெகுவாகக் குறைத்தது. நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் ஓர் அறைவரையாவது போகலாம்.

கிள்ளானைத் தனியே சொல்ல வேண்டும். தலைநகருக்கான திட்டங்கள் கூட்டரசுப் பிரதேச எல்லையோடு நின்றுவிடுகின்றன. வீடற்றவரோ கொமுட்டர் ரயிலில் ஏறிச் சிலாங்கூருக்குள் இறங்கிவிடுகிறார். 2024இல் அரச மாநகரான கிள்ளானுக்கு அதற்குரிய தங்கல் மையமும் வேண்டும். இரண்டு நிர்வாகங்களும் ஒரே பதிவேட்டை வைத்துக்கொண்டால், இங்கே தொடங்கிய உதவி அங்கே அறுபடாது.

1977 சட்டத்தையும் நாடாளுமன்றம் கையிலெடுக்க வேண்டும். இருக்க இடமில்லாதவரைப் பிடிக்கும் அதிகாரத்தை நீக்கி, இடம் கொடுக்கும் கடமையை அரசின் மேல் வைக்கும் சட்டமாக அது மாற வேண்டும். இதை நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கடிதமாக எழுதிக் கேளுங்கள்.

தன்முனைப்பு நிகழ்ச்சி நடத்தும் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மலையேறியை அழைக்கும்போது, உங்கள் பயணத்துக்கு எவ்வளவு செலவானது, யார் கொடுத்தார், கயிறு கட்டியவர் யார் என்று மாணவர்கள் முன்னிலையில் கேளுங்கள். நுழைவுச்சீட்டில் வரும் பணத்தில் ஒரு பங்கை அந்த வைப்புத்தொகை நிதிக்கு எடுத்துவையுங்கள். கோயில் உறுப்பினராக இருப்பவர்கள், இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மண்டபத்தை இரவில் திறப்பது பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் போதும்.